இல்லாத ஒயர்

அந்த இயந்திரம் பதினோரு ஆண்டுகளாகத் துவங்கிக்கொண்டிருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலையிலும் துவங்கிக்கொண்டுதான் இருந்தது. கூடத்தின் நடுவே ஆளுயரச் சக்கரம் ஒன்று ‘உம்’ என்று சுற்றியது. அதன் கீழே இடுப்பளவு இரும்புப் பீடம். எதிர்ச் சுவரில் வரிசையாக நாற்பது பல்புகள் எரிந்தன. பெட்ரோல், டீசல், தண்ணீர், காற்று, வெயில் எதுவும் வேண்டாம், ஒருமுறை துவங்கிவிட்டால் போதும், உலகம் உள்ளவரை தானே சுற்றித் தானே மின்சாரம் தரும் என்று பக்கத்தில் பலகை வைத்திருந்தார்கள். துவங்கிவிட்டால் என்பதுதான் விஷயம்.

‘எரிபொருளின்றித் தானே இயங்கும் ஆற்றல் ஆய்வு நிலையம்’ என்பது அலுவலகத்தின் பெயர். முகப்பில் இடம் போதாமல் பெயர்ப்பலகை மூலை திரும்பிப் பக்கத்துச் சுவர் வரை போயிருந்தது. நேராக வந்தவர்கள் ‘எரிபொருளின்றித் தானே’ என்பதோடு திருப்தியடைய வேண்டும்.

நான் மின்வாரியத்தில் பதினேழு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவன். நாய்களிடமிருந்து ஓடியதில் இடது கால் சற்று இழுக்கும். என் பணிக்காலத்தில் வேறு விருது எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை. நிலையத்தில் அறிக்கைகளில் கையெழுத்துப் போட ‘அளவீட்டு அலுவலர்’ ஒருவர் வேண்டும் என்று விதி. இருந்தவர் ஓய்வுபெற்றுவிட்டார். மீட்டரில் இருக்கும் எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதத் தெரிந்தவன் என்ற அபூர்வத் தகுதியின் பேரில் என்னை அனுப்பிவைத்தார்கள்.

கூடத்துக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும் வாசலிலிருந்து நாலாவது அடியில் காலை ஒரு சாண் தூக்கி வைத்து நடந்தார்கள். கீழே பார்க்காமல், பேச்சை நிறுத்தாமல், கையிலிருந்த டீ தளும்பாமல். ஏதோ மரியாதை போலிருக்கிறது என்று நினைத்தேன். நானும் தூக்கினேன். வலது கால் தாண்டிவிட்டது. இடது கால்தான் சொன்னேனே, இழுக்கும். குப்புற விழுந்தேன்.

“பாத்து வாங்க,” என்றார் இயக்குநர். நல்ல மனிதர், கை கொடுத்துத் தூக்கிவிட்டார். “எதுல தடுக்குச்சு?”

“ஒயர்ல சார்.”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் விட்டத்தைப் பார்த்தார்கள்.

“எந்த ஒயர்?”

நான் காட்டினேன். இயந்திரத்தின் பீடத்தில் துவங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் கட்டைவிரல் தடிமனுக்கு மேடாகப் புடைத்துக்கொண்டு, சுவரோரம் வெளியே வந்து பிளக்கில் முடிந்திருந்தது. இயக்குநர் என் விரல் காட்டிய திசையில் பார்த்தார். பார்வை ஒயரின்மேல் நிற்காமல் நழுவிப் போய் மேலே மாட்டியிருந்த காலண்டரில் உட்கார்ந்துகொண்டது.

“கார்ப்பெட்ல சுருக்கம் இருக்கு,” என்றார். “உங்க செருப்பைப் பாருங்க. தேஞ்சுபோச்சு.”

மதியமே மெமோ வந்தது. ‘அளவீட்டு அலுவலரின் காலணித் தேய்மானம் குறித்து.’ மூன்று நாளுக்குள் விளக்கம் தரவேண்டும். ‘ஆம், தேய்ந்துள்ளது’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த நிலையத்தில் நான் எழுதி, மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

வேலை எளிது. தினமும் பத்து மணிக்கு எல்லோரும் இயந்திரத்தைச் சுற்றி நிற்பார்கள். இயக்குநர், “துவக்கம் தொடர்கிறது,” என்பார். மூன்று முறை கைதட்டுவோம். அதன்பின் நான் பல்புகளுக்குப் பக்கத்தில் இருந்த மீட்டரைப் பார்த்து, முந்தின நாளில் எத்தனை யூனிட் வெளியே வந்தது என்று நாலாம் எண் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாளுக்கு இருபத்தொன்பது வரும்.

ஆனால் பதினேழு வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? ஒரு கட்டிடத்துக்குள் நுழைந்தால் என் கண் படிக்கட்டுக்கு அடியில்தான் போகும். போனது. ஒட்டடைக்குப் பின்னால், அந்தக் கூடத்துக்குப் போகும் கரண்ட்டை மட்டும் அளக்கும் மீட்டர் ஒன்று யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நாளும் பார்த்தேன். நாற்பத்தொரு யூனிட் கூடியிருந்தது. அதற்கடுத்த நாளும் நாற்பத்தொன்று.

கழித்தல் எனக்கு மூன்றாம் வகுப்பிலேயே வரும். உள்ளே நாற்பத்தொன்று, வெளியே இருபத்தொன்பது. மிச்சம் பன்னிரண்டு எங்கே போகிறது என்று தேடி இயந்திரத்தின் பீடத்தில் கை வைத்தேன். இளஞ்சூடாக இருந்தது. மழை நாட்களில் ஊழியர்கள் ஈரக் குடைகளை ஏன் அதன்மேல் விரித்து வைக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. எரிபொருளில்லா ஆற்றலின் முழுப் பயன் அன்றைக்கு ஏழு குடைகள்.

தலைமை எழுத்தரை எல்லோரும் ‘ஃபைலம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய இரும்புப் பஞ்சிங் மெஷின் ஒன்று அவர் மேஜையில் எப்போதும் இருக்கும். எந்தத் தாள் வந்தாலும் முதலில் இடது ஓரத்தில் இரண்டு ஓட்டை, பிறகு நாடா, பிறகு ஃபைல். படிப்பது அதற்கப்புறம், நேரம் இருந்தால்.

“உள்ள போற கரண்ட்டை எங்கம்மா எழுதறது?” என்று கேட்டேன்.

“அதுக்குக் கட்டம் இல்ல.”

“ஒரு கட்டம் போட்டுக்கலாமா?”

“கட்டம் போடணும்னா கமிட்டி கூடணும். கமிட்டி கூடணும்னா காரணம் எழுதணும். காரணத்தை எழுத ஒரு கட்டம் வேணும். அது இல்ல.”

நான் வீரன் இல்லை. நாய் குரைத்தால் மீட்டரை உத்தேசமாக எழுதிக்கொண்டு வந்த நாட்களும் உண்டு. ஆனாலும் மனசு கேட்கவில்லை. படிவத்தின் இடது ஓரத்தில், எறும்பு எழுத்தில், ‘உள்ளே 41’ என்று எழுதத் துவங்கினேன். தினமும் எழுதினேன். படிக்கிறவர்கள் என்றைக்காவது பார்ப்பார்கள், பார்த்தால் புரிந்துகொள்வார்கள், நான் சொல்லாமலே விஷயம் வெளியே வந்துவிடும் என்று ஒரு கணக்கு. எட்டு மாதம் இப்படி நிம்மதியாகப் போனது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

அக்கா அரசு ஆஸ்பத்திரியில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வார்டில் மூத்த நர்ஸ். என்னைவிட ஆறு வயது பெரியவள். சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த அதிகாரம் இன்னும் குரலில் இருக்கிறது.

“டேய், உங்க ஆபீஸ் சக்கரத்தை எங்க வார்டுக்கு அனுப்பறாங்களாம். தெரியுமா?”

“தெரியாதேக்கா.”

“வியாழக்கிழமை வருதாம். வந்ததும் எங்க ஜெனரேட்டரைக் கழட்டிக் கொண்டுபோகப் போறாங்க. தேவையில்லாத பொருள்னு லிஸ்ட்ல சேத்தாச்சு. இங்க வாரத்துக்கு நாலு தரம் கரண்ட் போகுதுடா. எட்டுக் குழந்தை வார்மர்ல இருக்கு. ஒண்ணு தொள்ளாயிரம் கிராம்தான். என் ரெண்டு கைக்குள்ள அடங்கிடும். பத்து நிமிஷம் சூடு இல்லன்னா நீலம் பாரிச்சிடும். உண்மையைச் சொல்லு, அது ஓடுமா?”

“ஒயரைச் சொருகினா ஓடும்.”

“ஒயரைச் சொருகினா எங்க மிக்ஸிகூடத்தான் ஓடும்! ஏண்டா, சான்றிதழ்ல உன் கையெழுத்து இருக்கே. உத்தரவோட காப்பி, கூட உன் படிவம் எல்லாம் என் கையில இருக்கு. எட்டு மாசத்துக்கும் கையெழுத்துப் போட்டிருக்கே.”

“ஓரத்தைப் பாருக்கா. உள்ள எவ்வளவு போகுதுன்னு எழுதியிருக்கேன். இடது பக்கம், சின்ன எழுத்துல.”

தாள் புரளும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து.

“ஓரத்துல ஓட்டைதான் இருக்கு,” என்றாள் அக்கா.

ஃபைலம்மாவின் மேஜைக்கு ஓடினேன். ஒன்றும் கேட்காமல் பஞ்சிங் மெஷினைத் தூக்கி அடித்தட்டைத் திறந்து மேஜையில் கவிழ்த்தேன். வெள்ளை வட்டங்கள் குவியலாகக் கொட்டின. கிளறினேன். பொட்டளவு வட்டம் ஒன்றில் என் கையெழுத்தில் ‘41’ இருந்தது. இன்னொன்றில் ‘உள்’. இன்னொன்றில் ‘ளே’. எட்டு மாத நேர்மை அந்த அடித்தட்டில் பத்திரமாக இருந்தது.

“என்னம்மா இது!”

“ஓரம் கட்டறதுக்கு,” என்றார் ஃபைலம்மா. “எழுதறதுக்கா ஓரம் விடறாங்க? எனக்குத் தெரியாதா என்ன. ஒவ்வொண்ணா படிச்சுட்டுத்தான் ஓட்டை போட்டேன். எழுத்து அழகா இருந்துச்சு.”

41 என்ற வட்டத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் கொடுத்தார்.

“நாற்பத்தொண்ணு உள்ள போகுதுன்னு சொல்றீங்க. அது உள்ள போகலை. அது துவக்கம். குழந்தை நடக்கப் பழகறப்ப நாம கையைப் பிடிக்கறோம். அதை யாராவது எழுதி வைப்பாங்களா?”

பதினோரு வருடம் கையைப் பிடித்தே நடந்தால் டாக்டரிடம் காட்டுவார்கள் சார் என்ற பதில் எனக்கு உடனே தோன்றவில்லை. படிக்கட்டில் இறங்கும்போதுதான் தோன்றியது. நல்ல பதில்கள் எனக்கு எப்போதும் படிக்கட்டில்தான் வரும்.

“சார், ஆஸ்பத்திரில கரண்ட் போனா?”

“போனா என்ன? அதான் நம்ம இயந்திரம் இருக்கே.”

“கரண்ட் போனா இயந்திரம் நின்னுடும் சார்.”

“ஏன் நிக்கணும்?”

“கரண்ட் போயிடுச்சில்ல சார்.”

“அதுக்குத்தானேய்யா இயந்திரம்!”

இந்தப் பேச்சை மூன்று சுற்று சுற்றினோம். சக்கரத்தைவிட நன்றாகச் சுற்றியது. பிறகு அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“உங்களை என் தம்பி மாதிரி நினைச்சுச் சொல்றேன். இந்த நிலையத்துல நூத்தி முப்பது பேர் இருக்கோம். இயந்திரம் தானா ஓடிட்டா, நமக்கு இங்க என்ன வேலை? ஓடவே ஓடாதுன்னு ஆயிட்டா, அப்பவும் என்ன வேலை? யோசிச்சுப் பாருங்க. துவங்கிட்டே இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது. அறிவியலுக்கும் நல்லது.”

“குழந்தைங்களுக்கு சார்?”

“அவங்க எதிர்காலம். நாம உழைக்கறதே அவங்களுக்காகத்தான்,” என்றார். கண்கூடக் கலங்கியது. பொய்க் கண்ணீர் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் கட்டிடத்தின் பின்புறம் ஓர் அறையில் இருந்தார். சக்கரக்காரர் என்று பெயர். முன்பு பம்ப்செட் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். விழாக்களில் மாத்திரம் வெளியே கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். அவரைத் தனியாகப் பார்த்தது அன்றுதான். ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார்.

“ஐயா, அது நிஜமாவே ஒரு நாளாவது தானா ஓடிச்சா?”

“இல்ல தம்பி.”

இவ்வளவு சுலபமாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்காததால் டீ புரையேறியது.

“முதல் நாள் பதினோரு நிமிஷம் சுத்துச்சு,” என்றார். “நல்ல பேரிங் போட்டிருந்தேன், பலமா ஒரு தள்ளு தள்ளினேன். நிக்கவே இல்ல. நான் அழுதுட்டேன். பத்து வருஷ உழைப்பு தம்பி. பன்னண்டாவது நிமிஷம் நின்னுச்சு. ஆனா பாக்க வந்தவங்க பத்தாவது நிமிஷமே கைதட்டிட்டுக் கிளம்பிட்டாங்க. பேப்பர்ல வந்துடுச்சு. கட்டிடம் கட்டிட்டாங்க.”

“நீங்க சொல்லலியா?”

“மூணாவது வருஷமே எழுதிக் குடுத்தேன். இது ஓடாது, எங்க உரசல் இருக்கோ அங்க ஒழுகிட்டேதான் இருக்கும், என்னை விட்டுடுங்க, வீட்டுக்குப் போறேன்னு. ‘கண்டுபிடிப்பாளரின் தன்னடக்கம்’னு தலைப்புப் போட்டு ஃபைல் பண்ணிட்டாங்க. பள்ளிக்கூடப் பாடத்துல வேற சேத்திருக்காங்களாம். என் சம்சாரம் இன்னும் போன்ல கேக்கறா, துவங்கிடுச்சான்னு.”

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். “பிடுங்கிட்டா முடிஞ்சுது. எனக்குக் கை வரலை. பெத்தவன் பாரு.”

புதன்கிழமை மாலை கிளம்பும்போது ஃபைலம்மா தலை நிமிராமல் ஓட்டை போட்டுக்கொண்டே பேசினார். என்னிடம் பேசுகிறாரா பஞ்சிங் மெஷினிடம் பேசுகிறாரா என்று தெரியவில்லை.

“சக்கரத்தைத் தொட்டா சஸ்பெண்ட். பீடத்தைத் தொட்டா விசாரணை. பட்டனைத் தொட்டா மெமோ. ஒயரைப் பத்தி மட்டும் விதி ஒண்ணும் கிடையாது. இல்லாததுக்கு எப்படி விதி போடுவாங்க?”

வியாழக்கிழமை இயந்திரம் லாரியில் ஆஸ்பத்திரிக்கு வந்தது. சக்கரம், பீடம், பல்புகள். கூடவே கார்ப்பெட்டும் சுருட்டி வந்தது. அது இல்லாமல் இயந்திரம் முழுமை பெறாது.

வார்டுக்கு வெளியே நீளமான நடைபாதையில் அதை நிறுத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டு வார்மர்கள், ஒவ்வொன்றின் கீழும் ஆரஞ்சு வெளிச்சத்தில் ஒரு கைக்குட்டை அளவு உயிர். இந்தப் பக்கம் துறைச் செயலாளர், இயக்குநர், எங்கள் ஊழியர்கள், ஓரமாக நாற்காலியில் சக்கரக்காரர். கட்டிடத்துக்குப் பின்னால் ஜெனரேட்டரைத் தரையோடு பிணைத்திருந்த நாலு போல்ட்டுகளை இரண்டு பேர் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்பேனர் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. லாரி காத்திருந்தது.

அக்கா கதவை மறித்து நின்றாள்.

“முதல்ல பல்பை எரிய வச்சுக் காட்டுங்க சார். அதுக்கப்புறம் வார்மரைப் பத்திப் பேசலாம்.”

“சிஸ்டருக்கு அறிவியல்மேல நம்பிக்கை குறைவு,” என்றார் இயக்குநர், சிரித்துக்கொண்டே.

“நம்பிக்கை நிறைய இருக்கு சார். அதான் தெர்மாமீட்டர் வச்சிருக்கேன்.”

கார்ப்பெட்டை விரித்தார்கள். அதற்கடியில் எதையோ யாரும் பார்க்காமல் ஓடவிட்டார்கள். சுவர்ப் பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். சக்கரம் சுற்றியது. பல்புகள் எரிந்தன. “துவக்கம் தொடர்கிறது,” என்றார் இயக்குநர். மூன்று கைதட்டல். அவர் பேச்சைத் துவங்கினார். வெளியே முதல் போல்ட் கழன்று தரையில் விழுந்தது.

நான் சுவரோரம் போனேன். குரைக்காத நாயின் வாசலில் நிற்பது போலிருந்தது. குனிந்தேன். பிடுங்கினேன்.

கனத்த சக்கரம், நல்ல பேரிங். உடனே நிற்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை.

“…இந்த இடைவிடாத வேகத்தைப் பாருங்கள்,” என்றார் இயக்குநர். சக்கரத்தின் உறுமல் இறங்கியது. “வேகம் மட்டுமே வாழ்க்கையல்ல. இப்போது அது ஒரு நிதானத்துக்கு வந்திருக்கிறது.” பல்புகள் மஞ்சளாகின. “கண் கூசாத வெளிச்சம். இங்கே குழந்தைகள் இருப்பதை உணர்ந்திருக்கிறது.” பல்புகள் சிவந்து, அணைந்தன. சக்கரத்தின் ஆரங்களை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. “சிக்கனம். தேவையில்லாதபோது வெளிச்சம் தராத பண்பு.” சக்கரம் கடைசியாக ஒரு சுற்று சுற்றி, அரை விரல் பின்னால் வந்து, நின்றது.

“ஓய்வு,” என்றார் இயக்குநர்.

யாரும் கைதட்டவில்லை. நான் சக்கரக்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார். ரொம்ப நாள் தலையில் வைத்திருந்த சுமையை யாரோ கை கொடுத்து இறக்கிவிட்டது போல.

“ஏன் நின்னுச்சு?” என்றார் செயலாளர்.

“ஒயரைப் பிடுங்கிட்டேன் சார்,” என்றேன். கையில் பிளக் இருந்தது.

“எந்த ஒயர்?”

என் கையைத் தவிர எல்லா இடத்தையும் எல்லோரும் பார்த்தார்கள். செயலாளர் ஃபைலைக் கேட்டார். ஃபைலம்மா கொடுத்தார். அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

“இதுல ஒயர்னு ஒரு பொருளே இல்லையே. இல்லாததைப் பிடுங்கினதால இருக்கறது நிக்குமா?”

“நிக்காது சார்,” என்றார் இயக்குநர்.

“அப்ப இவர் எதையும் பிடுங்கல.”

“பிடுங்கல சார்.”

வெளியே இரண்டாவது போல்ட் விழுந்தது.

“இயந்திரம் நின்ன காரணத்தை ஆராய ஒரு குழு போடுவோம்,” என்றார் செயலாளர். “ஆறு மாசத்துல அறிக்கை வரட்டும். அதுவரைக்கும் ஏற்கெனவே போட்ட உத்தரவு அமல்ல இருக்கும். ஜெனரேட்டரை ஏத்தச் சொல்லுங்க.”

மூன்றாவது போல்ட்.

நின்றுபோன சக்கரம் எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. உண்மை இதற்கு மேல் பெரிதாக நிற்க முடியாது. ஆனாலும் லாரிக்காரன் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தான். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. சின்ன வயதில் நான் கிணற்றுச் சுவரில் ஏறி நின்றபோது பார்த்த மாதிரி, சத்தம் போட்டால் விழுந்துவிடுவேனோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

பதில் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் படிக்கட்டுக்கு முன்னாலேயே வந்தது.

“சார், துவக்கம் இன்னும் முடியலை,” என்றேன். “அதான் நின்னுச்சு. புது இடம். துவக்கத்துக்குத் துணைச் சாதனம் ஒண்ணு வேணும். அளவீட்டு அலுவலரா நான் பரிந்துரைக்கறேன்.”

“என்ன சாதனம்?”

“பின்னால ஒண்ணு இருக்கு சார். டீசல்ல ஓடறது.”

இயக்குநரின் முகம் விடிந்தது. “துவக்கத் துணைச் சாதனம்!” என்றார், அந்தச் சொல்லுக்காகவே பிறந்தவர் போல. “இதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன். அதைக் கழட்டக் கூடாது. இயந்திரத்தோட ஓர் அங்கம் அது.”

“அப்ப எரிபொருள் இல்லாம ஓடறது?”

“இயந்திரத்துக்கு எரிபொருளே கிடையாது சார். துணைச் சாதனத்துக்குத்தான்.”

செயலாளர் யோசித்தார். தலையாட்டினார். யாரோ ஜன்னல் வழியாகக் கத்த, நாலாவது போல்ட்டில் ஸ்பேனர் நின்றது. கழற்றிய மூன்றையும் திரும்ப முறுக்கும் சத்தம் கேட்டது. அதைவிட இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை.

படிவத்தைக் கொண்டுவந்தார்கள். இந்த முறை ஓரத்தில் எழுதவில்லை. நட்டநடுக் கட்டத்தில், கொட்டை எழுத்தில், ‘சோதனை வெற்றி, துணைச் சாதனம் நிரந்தரமாக உடனிருக்க வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஃபைலம்மா அதில் ஓட்டை போட்டார். ஓர் எழுத்துகூடச் சேதமாகவில்லை.

படிவம் எழுத நான் கீழே வைத்த பிளக் தரையில் கிடந்தது. யார் அதைச் சொருகுவது? இல்லாததை எடுக்க யாரும் குனியவில்லை. என்னாலும் குனிய முடியவில்லை. சக்கரக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“ஐயா, மன்னிச்சிடுங்க,” என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி. “உங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். முடிஞ்சிருக்கும்.”

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். தொள்ளாயிரம் கிராம் கொட்டாவி விட்டது.

“என்ன செய்ய தம்பி,” என்றார். “நின்னதைப் பாத்துட்டேன். அது போதும்.”

குனிந்து பிளக்கை எடுத்து, சட்டை நுனியால் தூசி துடைத்து, அவரே சொருகினார். சக்கரம் சுற்றியது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சத்தம் வராமல் தட்ட முயன்றேன், வந்துவிட்டது.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. நாற்பத்திரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு இயந்திரம், ஒவ்வொன்றோடும் துவக்கத் துணைச் சாதனம் ஒன்று. அதுவரை ஜெனரேட்டரையே பார்க்காத ஏழு வார்டுகளுக்கு அப்படித்தான் முதல்முறையாக ஜெனரேட்டர் கிடைத்தது. இதை நினைத்துச் சந்தோஷப்படுவதா என்று இன்னும் தெரியவில்லை. எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். நிலையத்துக்கு இன்னும் இரண்டு மாடி கட்டுகிறார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் சக்கரக்காரரின் தன்னடக்கத்துக்குப் பக்கத்தில் என் பெயரும் வரப்போகிறதாம்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அக்காவைப் பார்க்க வார்டுக்குப் போனேன். சட்டைப் பையில் அந்த 41 இன்னும் இருந்தது. வியர்வை பட்டுப் பட்டு எண் மங்கிவிட்டது, எனக்கு மட்டும் தெரியும். நான் போன சமயம் கரண்ட் போனது. பின்னால் ஜெனரேட்டர் உறுமியது. நடைபாதையில் சக்கரம் தடுமாறி மறுபடி வேகம் பிடித்தது. அதன் பீடத்தின்மேல் குழந்தைகளின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

கண்ணாடிக் கதவு திறந்தது. அக்கா வந்தாள். தொள்ளாயிரம் கிராமாக இருந்தது இப்போது இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டதாம். வீட்டுக்குப் போகிற நாள். துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்து, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கார்ப்பெட்டின் நடுவே வந்ததும், கீழே பார்க்காமல், காலை ஒரு சாண் தூக்கி வைத்து நடந்தாள். கையிலிருந்தது அசையவில்லை.

நான் நின்றுவிட்டேன்.

“என்னடா அங்கயே நின்னுட்டே? எதைப் பாக்கறே?”

எதையும் மறைக்கத் தெரியாத என் அக்கா அவள். ஒயர் எங்கள் இருவருக்கும் நடுவில் புடைத்துக்கொண்டு கிடந்தது.

“ஒண்ணுமில்லக்கா,” என்றேன். “கார்ப்பெட்ல சுருக்கம் இருக்கு.”

“ஆமா,” என்றாள். “பாத்து வா.”